நாற்பதைக் கடந்தபின் மருத்துவக் கல்வி: கனவும் கணக்கும்

2020ஆம் ஆண்டின் இறுதியில், ஒடிசா மாநிலம் பர்லாவிலுள்ள வீர் சுரேந்திர சாய் மருத்துவ அறிவியல் மற்றும் ஆராய்ச்சி நிறுவனத்தில் முதலாண்டு எம்.பி.பி.எஸ். வகுப்பில் சேர்ந்தவர்களுள் ஒருவருக்கு வயது 64. ஜெய் கிஷோர் பிரதான் என்னும் அவர், பாரத ஸ்டேட் வங்கியில் துணை மேலாளராகப் பணியாற்றி 2016இல் ஓய்வுபெற்றவர். இளமையில் மருத்துவ நுழைவுத் தேர்வு எழுதி, இடம் கிடைக்காமல், பட்டப்படிப்பை முடித்து வங்கிப் பணிக்கு வந்தவர். தம் மகள்கள் நீட் தேர்வுக்கு ஆயத்தமானபோது அவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி, தாமும் தேர்வெழுதித் தேர்ச்சி பெற்றார்.

இச்செய்தி வெளியான நாள்முதல், வங்கிக் கிளைகளில் ஒரு கேள்வி அவ்வப்போது எழுகிறது. வைப்புத்தொகையைப் புதுப்பிக்க வருபவர், படிவத்தில் கையெழுத்திட்டபின் சற்றுத் தயங்கி, "எனக்கு நாற்பத்தைந்து ஆகிறது. இனிமேல் டாக்டருக்குப் படிக்க முடியுமா? அதற்குக் கடன் கிடைக்குமா?" என்று கேட்கிறார். சிலர் விளையாட்டாகக் கேட்கிறார்கள். சிலர் பல ஆண்டுகள் மனத்திலேயே வைத்திருந்து கேட்கிறார்கள். இரண்டாம் வகையினருக்காகவே இக்கட்டுரை. சட்டம் என்ன சொல்கிறது, காலம் எவ்வளவு ஆகும், பணம் எங்கிருந்து வரும் என்னும் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாகக் காண்போம்.

சட்டம் தடுக்கிறதா?

இன்று தடுக்கவில்லை. ஆயினும் இந்நிலை எளிதில் வந்ததன்று. சில ஆண்டுகளுக்கு முன், நீட் தேர்வு எழுதுவதற்குப் பொதுப் பிரிவினருக்கு 25 வயதும், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 30 வயதும் உச்சவரம்பாக விதிக்கப்பட்டன. இவ்வரம்பை தில்லி உயர் நீதிமன்றம் 2018இல் ஏற்றுக்கொண்டது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றபோது, வரம்பைக் கடந்தவர்களும் இடைக்கால ஆணையின்பேரில் தேர்வெழுத அனுமதிக்கப்பட்டனர். பிரதான் தேர்வெழுதியதும் இந்த இடைக்காலத்திலேயே. பின்னர், தேசிய மருத்துவ ஆணையம் 2021 அக்டோபரில் நடத்திய கூட்டத்தில் உச்சவரம்பை நீக்க முடிவு செய்தது. 2022 மார்ச்சில் அம்முடிவு அறிவிக்கப்பட்டது.

எனவே, இப்போது குறைந்தபட்ச வயது மட்டுமே உண்டு: சேரும் ஆண்டின் டிசம்பர் 31ஆம் நாளில் 17 வயது நிறைந்திருக்க வேண்டும். நீட் தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் வரம்பு இல்லை.

அடுத்த ஐயம், பள்ளியில் படித்த பாடங்கள் பற்றியது. பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் அல்லது உயிரித்தொழில்நுட்பம், ஆங்கிலம் ஆகியவற்றில் தேர்ச்சி பெற்றிருக்க வேண்டும். என்னைப்போல் வணிகவியல் வழியே வந்தவர்களுக்கு இது பெரும் மதிலாக இருந்தது. 2023 நவம்பரில் ஆணையம் வெளியிட்ட அறிவிப்பு அம்மதிலில் ஒரு வாயில் திறந்தது. பன்னிரண்டாம் வகுப்பை முடித்தபின், விடுபட்ட பாடங்களை அங்கீகாரம் பெற்ற வாரியத்தின் வழியாகக் கூடுதல் பாடமாக எழுதித் தேறியவர்களும் நீட் எழுதலாம் என்று அது கூறுகிறது. வாயில் திறந்திருப்பினும், உள்ளே நுழைய முதலில் பள்ளிப் பாடநூலைக் கையில் எடுக்க வேண்டும்.

தேர்வில் 180 வினாக்கள். நேரம் மூன்று மணி. உயிரியலில் 90, இயற்பியலிலும் வேதியியலிலும் தலா 45. சரியான விடைக்கு நான்கு மதிப்பெண்; தவறான விடைக்கு ஒன்று கழிக்கப்படும்; மொத்தம் 720. ஆங்கிலம், இந்தி நீங்கலாகத் தமிழ், மலையாளம் உள்ளிட்ட பிற மொழிகளிலும் எழுதலாம். சராசரியாக ஒரு நிமிடத்துக்கு ஒரு வினா என்னும் வேகம், பல ஆண்டுகளுக்குப்பின் தேர்வறைக்குத் திரும்புபவருக்குப் பாடத்தைவிடக் கடினமாக இருக்கும். ஆகவே, கோப்பையே வாழ்வாகக் கொண்டவர்கள் கடிகாரத்தையும் உடன்வைத்துப் பயில வேண்டும்.

காலக் கணக்கு

எம்.பி.பி.எஸ். படிப்பு நான்கரை ஆண்டுகள். அதன்பின் ஓராண்டு கட்டாயப் பயிற்சி மருத்துவர் பணி. ஆக ஐந்தரை ஆண்டுகள். முதுநிலைப் படிப்பு விரும்பினால் மற்றுமொரு நுழைவுத் தேர்வும், மேலும் மூன்று ஆண்டுகளும். 45 வயதில் சேர்பவர் ஐம்பதரை வயதில் பதிவுபெற்ற மருத்துவராவார்; முதுநிலையும் முடித்தால் ஏறத்தாழ 54. அதற்குமுன் நீட் தேர்வுக்கான ஆயத்தத்துக்கு இரண்டு ஆண்டுகளேனும் ஒதுக்க வேண்டியிருக்கும்.

நுழையும் வயதுக்கு வரம்பில்லை என்றாலும், முடிக்கும் காலத்துக்கு வரம்பு உண்டு. 2023ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, முதலாண்டுப் பல்கலைக்கழகத் தேர்வை நான்கு முறைக்குமேல் எழுத இயலாது. சேர்ந்த நாளிலிருந்து ஒன்பது ஆண்டுகளுக்குள் படிப்பை முடிக்க வேண்டும். உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் ஆகிய மூன்றும் முதலாண்டிலேயே வருகின்றன. நினைவாற்றலை மிகுதியாகக் கேட்கும் பாடங்கள் முதலில் வருவதால், மூத்த மாணவருக்கு முதலாண்டே உரைகல்.

பயிற்சி மருத்துவர் பணியில் இரவுப் பணி உண்டு. பிரசவ அறையும் விபத்துப் பிரிவும் உண்டு. வயது கருதி எவருக்கும் விலக்கு கிடையாது. சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் உள்ளவர்கள், கல்லூரிக் கட்டணத்தை விசாரிக்கும் முன் தம் மருத்துவரிடம் ஒருமுறை ஆலோசிப்பது நலம்.

முன் சென்றவர்கள்

வேறொரு துறையில் நின்றபின் மருத்துவத்துக்கு வந்தவர்கள் வரலாற்றில் உண்டு. ஐரோப்பாவில் இறையியல் அறிஞராகவும் இசைக் கலைஞராகவும் பெயர் பெற்றிருந்த ஆல்பர்ட் சுவைட்சர், 1905இல் தம் 30ஆம் வயதில் மருத்துவம் பயிலத் தொடங்கி, 1913இல் ஆப்பிரிக்காவின் லம்பரேனே சென்று மருத்துவமனை அமைத்தார். நம் திருவனந்தபுரத்தில், மேரி பூனென் லூக்கோஸ் பெண் என்பதால் மகாராஜா கல்லூரியில் அறிவியல் பிரிவு மறுக்கப்பட்டு, வரலாறு படித்துப் பட்டம் பெற்றார். பின்னர் இலண்டன் சென்று மருத்துவரானார். 1938இல் திருவிதாங்கூரின் தலைமை அறுவை மருத்துவர் பதவியை ஏற்றார். நாகர்கோவில் காசநோய் மருத்துவமனை அவர் முயற்சியால் உருவானது.

அமெரிக்காவில் முதலில் ஒரு பட்டம் பெற்ற பின்னரே மருத்துவக் கல்லூரியில் சேர முடியும் என்பதால், அங்கு முப்பதைக் கடந்த மருத்துவ மாணவர் வியப்புக்குரியவர் அல்லர். நம் நாட்டில் பதினேழு, பதினெட்டு வயதில் சேர்வதே வழக்கமாதலால், மூத்த மாணவர் செய்தியாகிவிடுகிறார்.

அண்மைக்கால நிகழ்வுகள் இரண்டு நம் மாநிலங்களுக்கு அருகிலேயே நடந்தவை. 2025இல் தென்காசி மாவட்டத்தைச் சேர்ந்த 49 வயது இயன்முறை மருத்துவர் ஒருவர், தம் மகளுடன் சேர்ந்து நீட் தேர்வுக்குப் படித்து, மாற்றுத்திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரியில் இடம் பெற்றார். 2022 சனவரியில், தருமபுரி மாவட்டத்தைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டுக் கலந்தாய்வுக்குச் சென்னை வந்தார். மருத்துவம் முடித்துப் பயிற்சி மருத்துவராக இருந்த அவர் மகன், அந்த இடம் ஓர் இளைஞருக்குக் கிடைத்தால் பல்லாண்டுகள் மக்களுக்குப் பயன்படும் என்று எடுத்துரைக்க, அவர் இடத்தை விட்டுக்கொடுத்துத் திரும்பினார்.

இவ்விருவருள் யார் செய்தது சரி என்று வெளியாட்கள் தீர்ப்புச் சொல்ல இயலாது. சட்டம் இருவருக்கும் உரிமை அளித்தது. ஒருவர் அதைப் பயன்படுத்தினார், மற்றவர் துறந்தார். ஆனால் அரசுக் கல்லூரியின் ஒவ்வோர் இடத்துக்கும் பொதுப்பணம் செலவாகிறது என்பதையும், படித்து முடித்தபின் எத்தனை ஆண்டுகள் பணி செய்ய இயலும் என்பதையும் விண்ணப்பிக்கும் முன் தாமே எண்ணிப் பார்க்க வேண்டும். இக்கேள்விக்கு மனம் நிறைவாக விடை சொல்ல முடிந்தவருக்குப் பிறர் பேச்சு தடையாகாது.

பணக் கணக்கு

இனி எங்கள் துறைக்கு வருவோம். அரசு மருத்துவக் கல்லூரிகளில் ஆண்டுக் கட்டணம் சில பதினாயிரங்களுக்குள் அடங்கும். தனியார் கல்லூரிகளில், அதிலும் நிர்வாக ஒதுக்கீட்டில், ஆண்டுக்குப் பல இலட்சம் ஆகும். எனினும் நடுத்தர வயதினருக்குக் கட்டணத்தைவிடப் பெரிய செலவு ஒன்று உண்டு. அது, படிக்கும் காலத்தில் வராமற்போகும் ஊதியம்.

எடுத்துக்காட்டாக, குடும்பச் செலவு மாதம் 40,000 ரூபாய் என்று கொள்வோம். ஆயத்தத்துக்கு 24 மாதங்கள், படிப்புக்கும் பயிற்சிக்கும் 66 மாதங்கள், ஆக 90 மாதங்கள். வேலையை விட்டுவிட்டு இருந்தால், குடும்பம் நடத்துவதற்கு மட்டும் 36,00,000 ரூபாய் வேண்டும். விலைவாசி ஏற்றத்தையும் கல்லூரிக் கட்டணத்தையும் இதில் சேர்க்கவில்லை. பயிற்சி மருத்துவர் காலத்தில் உதவித்தொகை கிடைக்கும். அது இத்தொகையைச் சற்றே குறைக்கும்.

கல்விக் கடன் கிடைக்குமா? இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக் கடன் திட்டத்தில் மாணவருக்கு வயது உச்சவரம்பு குறிப்பிடப்படவில்லை. உள்நாட்டுப் படிப்புக்கு 4 இலட்சம் ரூபாய் வரை மாணவர் தம் பங்காக ஏதும் செலுத்த வேண்டியதில்லை. அதற்குமேல் 5 விழுக்காடு. 7.5 இலட்சத்துக்கு மேற்பட்ட கடனுக்குச் சொத்துப் பிணையம் கேட்கப்படும். படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை விடுமுறை. அதன்பின் 15 ஆண்டுகள் வரை திருப்பிச் செலுத்தலாம். தகுதியுள்ள நிறுவனங்களில் சேர்வோருக்கு, 2024இல் அறிவிக்கப்பட்ட பிரதமரின் வித்யாலட்சுமி திட்டமும் உண்டு.

இந்தப் பதினைந்து ஆண்டுகளில்தான் வயது குறுக்கே வருகிறது. 10 இலட்சம் ரூபாய்க் கடனை 9 விழுக்காட்டு வட்டியில் 15 ஆண்டுகளில் அடைத்தால், மாதத் தவணை ஏறத்தாழ 10,143 ரூபாய். மொத்தம் செலுத்துவது 18.26 இலட்சத்தை நெருங்கும். படிப்புக் கால வட்டி இதில் அடங்காது. 45 வயதில் சேர்பவருக்கு முதல் தவணை ஐம்பத்தொன்றரை வயதில் தொடங்கி, அறுபத்தாறரையில் முடியும். 55 வயதில் சேர்பவருக்குக் கடைசித் தவணை எழுபத்தாறரையில். திட்டத்தில் வயது வரம்பு இல்லை என்றாலும், திருப்பிச் செலுத்தும் திறனை வங்கி மதிப்பிடவே செய்யும். அதிகாரி கேட்கும் கேள்விகளை அவமதிப்பாகக் கருத வேண்டியதில்லை. குறுகிய காலத் தவணை, வருவாயுள்ள இணைக் கடனாளர், உயிர்க் காப்பீடு என்பவை பேச்சில் வருவது இயல்பு.

ஓய்வுபெற்றபின் படிக்க விழைவோருக்கு ஒரு வழி உண்டு: ஓய்வுக்கால முதலைத் தொடாமல், அதன் வட்டியில் குடும்பத்தை நடத்துவது. 60 வயது நிறைந்தவர்கள் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 30 இலட்சம் ரூபாய் வரை செலுத்தலாம். 8.2 விழுக்காட்டு வட்டியில், அது காலாண்டுக்கு 61,500 ரூபாய் தரும். மாதத்துக்கு 20,500 ரூபாய் என்று கொள்ளலாம். கணக்கு ஐந்தாண்டுக்கானது; நீட்டித்துக்கொள்ளலாம். மருத்துவப் படிப்பின் காலமும் ஏறக்குறைய அதுவே. வட்டிக்கு வரி உண்டு என்பதை மறக்கலாகாது.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, மருத்துவக் காப்பீடு. பணியிலிருக்கும்போது நிறுவனம் அளிக்கும் குழுக் காப்பீடு, வேலையை விட்ட நாளோடு பொதுவாக முடிந்துவிடும். ஐம்பது வயதில் புதிய காப்பீடு எடுத்தால் கட்டணம் கூடும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலமும் உண்டு. வேலையை விடுவதற்கு முன்பே தனிக் காப்பீடு எடுத்துவிடுவது அறிவுடைமை.

இரண்டாவது, வெளிநாட்டுக் கல்லூரிகள். "தேர்வு வேண்டாம், வயது தடையில்லை, ஆண்டுக்கு இவ்வளவுதான்" என்று முகவர்கள் அழைப்பார்கள். வெளிநாட்டில் படித்துவிட்டு இந்தியாவில் பணிபுரிய விரும்புபவருக்கும் நீட் தகுதி வேண்டும். 2021ஆம் ஆண்டு விதிகளின்படி, குறைந்தது 54 மாதப் படிப்பு ஆங்கில வழியில் இருக்க வேண்டும்; அங்கே 12 மாதமும் இங்கே 12 மாதமும் பயிற்சி பெற வேண்டும்; திரும்பியபின் தகுதித் தேர்விலும் வெல்ல வேண்டும். கடனிலும் வெளிநாட்டுப் படிப்புக்கு மாணவர் பங்கு 15 விழுக்காடு. முகவரின் கணக்குக்கு முன்பணம் அனுப்பும் முன், ஆணையத்தின் விதிகளை ஒருமுறை படித்துவிடுங்கள்.

மூன்றாவது, பிள்ளைகளின் கல்வி. பெற்றோருக்கும் மகளுக்கும் ஒரே காலத்தில் கல்விக் கடன் தேவைப்பட்டால், அடமானம் வைக்க வீடு ஒன்றுதான் இருக்கும். முன்னுரிமை யாருக்கு என்பதைக் குடும்பமாக அமர்ந்து, தாளில் எழுதி முடிவு செய்யுங்கள்.

கல்லாற்றின் மருத்துவர்

இவ்வளவு கணக்கையும் பார்த்தபின், "அப்படியானால் மருத்துவம் எனக்கு இல்லை" என்று சிலர் பெருமூச்சு விடக்கூடும். அவர்களுக்காகத் திருவனந்தபுரம் மாவட்டத்தின் மலையடிவாரத்துக்குச் சற்றுச் செல்வோம். பொன்முடிக்கு ஏறும் சாலையில், விதுராவைத் தாண்டி, உருண்டைக் கற்களின்மேல் தெளிந்த நீர் ஓடும் இடம் கல்லாறு. அங்குள்ள காட்டுக் குடியிருப்பில் வாழும் காணி இனத்தைச் சேர்ந்த இலட்சுமிக்குட்டி அம்மாளுக்கு, 2018இல் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. அப்போது அவர் எழுபதுகளில் இருந்தார். பள்ளியில் எட்டாம் வகுப்பு வரை படித்தவர். பிரசவம் பார்க்கும் தாயாரிடமிருந்து மூலிகை அறிவைப் பெற்றவர். ஏறத்தாழ 500 மருந்துகளின் செய்முறையை ஏடின்றி நினைவில் வைத்திருப்பவர் என்று போற்றப்படுபவர். கேரள அரசு 1995இலேயே அவருக்கு நாட்டு வைத்திய ரத்னா விருதை வழங்கியிருந்தது. மலையாளிகள் அவரை 'வன முத்தச்சி', அதாவது காட்டுப் பாட்டி, என்று அன்போடு அழைக்கின்றனர். காணி மக்கள் கன்னியாகுமரி, திருநெல்வேலி மலைகளிலும் வாழ்வதால் தமிழ் வாசகர்களுக்கும் அவர்கள் அயலார் அல்லர்.

அவர் வாழ்வைக் காட்டி, பட்டமின்றியே மருத்துவம் செய்யலாம் என்று எவரும் எண்ணிவிடலாகாது. மரபறிவு ஒரு சமூகம் தலைமுறைகளாகக் காத்துத் தருவது. நூலைப் படித்து ஓய்வுக்காலத்தில் பெறுவதன்று. பதிவின்றி நவீன மருத்துவம் செய்தால், தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் ஓராண்டு வரை சிறையோ, ஐந்து இலட்சம் ரூபாய் வரை தண்டமோ, இரண்டுமோ விதிக்கிறது. சித்த மருத்துவப் பட்டப்படிப்புக்கும் நீட் வழியாகவே செல்ல வேண்டும். ஆயினும், பிறர் நோய் தீர வேண்டும் என்னும் எண்ணத்துக்கு வயது குறுக்கே நிற்பதில்லை என்பதற்கு அவர் சான்று.

அதே 2018இல், அதே மாவட்டத்திலிருந்து மற்றொருவரும் பத்மஸ்ரீ பெற்றார். அவர் வலி தணிப்பு மருத்துவத்தின் முன்னோடி டாக்டர் எம்.ஆர். இராஜகோபால். 2003இல் திருவனந்தபுரத்தில் அவர் நிறுவிய பாலியம் இந்தியா அமைப்பும், கேரளமெங்கும் இயங்கும் வலி தணிப்புக் குழுக்களும், பயிற்சி பெற்ற தன்னார்வலர்களின் துணையோடு நடப்பவை. 2008இல் இதற்கெனக் கொள்கை வகுத்த முதல் இந்திய மாநிலம் கேரளம். படுக்கையிலிருக்கும் நோயாளியின் வீட்டுக்குச் சென்று, புண்ணைத் தூய்மை செய்யும் செவிலியருக்கு உதவி, குடும்பத்தாரின் சொல்லைக் கேட்டுத் திரும்பும் அப்பணிக்கு நுழைவுத் தேர்வு இல்லை. குறுகிய காலப் பயிற்சி போதும். மருத்துவராக வேண்டும் என்னும் ஆசையின் அடியில் சேவை இருக்கிறதா, பட்டம் இருக்கிறதா என்பதை அறிய விரும்புவோர், ஓராண்டு அங்கே சென்று பார்க்கலாம். சேவை என்றால் வழி அங்கேயே கிடைத்துவிடும். ஓராண்டுக்குப் பின்னும் மருத்துவப் படிப்பையே மனம் நாடினால், நீட் விண்ணப்பத்தைத் துணிந்து நிரப்பலாம்.

செய்ய வேண்டியவை

பணியில் இருந்துகொண்டே முதல் நீட் தேர்வை எழுதிப் பாருங்கள். பெறும் மதிப்பெண் உண்மை நிலையைச் சொல்லும். ஆறு மாதக் குடும்பச் செலவைத் தனி வைப்பாக வையுங்கள். பழைய கடன்கள் இருந்தால், முதலில் அவற்றை அடையுங்கள். வாழ்க்கைத்துணையின் முழு ஒப்புதலைப் பெறுங்கள். ஐந்தரை ஆண்டுகள் வீட்டைத் தாங்கப்போகிறவர் அவர்தாம். பிறகு, வருமானச் சான்றுகளுடன் தங்கள் கிளைக்கு வந்து, கல்விக் கடன் பிரிவு அலுவலருடன் அரை மணிநேரம் அமருங்கள். வயதைக் கேட்டுச் சிரிக்க மாட்டோம். கணக்கைப் போட்டுக் காட்டுவோம்.

ஒன்றைமட்டும் இறுதியாகச் சொல்ல வேண்டும்: கல்லூரியின் சேர்க்கை ஆணை கைக்கு வருமுன், பணிவிலகல் கடிதத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.